கிளி மார்க் சவுக்காரத் தகடு

பென்ஷன் எடுத்த ஆம்பிளை குடிக்கலாம், கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடலாம். கபிரியேலுக்கு இரண்டிலும் நாட்டமில்லை. அவர் பழைய விளம்பரத் தகடு சேர்த்தார். தேயிலை, பிஸ்கட், தைலம், சோடா என்று கடைக்காரர்கள் எப்போதோ கழற்றி எறிந்த எனாமல் தகடுகள் வத்தேகம வீட்டின் முன்னறைச் சுவரை மூடியிருந்தன. மாதா படத்துக்கு ஓர் ஆணி அடிக்க இடம் கேட்டு அவர் மனைவி தெரேசா பட்ட பாடு அந்த மாதாவுக்குத்தான் தெரியும். அந்தக் கோபத்தில் அவள் தகடுகளை நின்று பார்ப்பதில்லை.

காசு கொடுத்து வாங்குவது அவருக்கு இழுக்கு. கதவோரம் தொங்குவதில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போவார், கடையில் கொடுத்து வேறொன்றை மாற்றி வருவார். வந்ததன் பின்பக்கத்தில் ஆணியால் ‘க’ என்று கீறி, அன்றைய தேதியும் போட்ட பிறகுதான் சுவரில் ஏற்றுவார். தபால் கந்தோரில் முப்பது வருஷம் முத்திரை குத்திய கை, தேதி போடாமல் அதற்குத் தூக்கம் வராது.

சனிக்கிழமை தவறாமல் நாவலப்பிட்டிக்குப் போனார். ஸ்டேஷனுக்கு எதிரே ஜமால்தீன் என்பவரின் பழைய சாமான் கடையாம். தெரேசா அந்தக் கடையையும் கண்டதில்லை, ஜமால்தீனையும் கண்டதில்லை.

போன சனிக்கிழமை மனுஷன் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

“பாத்தியா தெரேசா, கிளி மார்க் சவுக்காரம்! எத்தன வருசமா தேடுனேன்!”

தெரேசாவுக்குச் சுருக்கென்றது. சொண்டு உடைந்த அந்தப் பச்சைக் கிளியை அவள் இந்தச் சுவரிலேயே பார்த்திருக்கிறாள்.

“எப்ப கெடைச்சிச்சு?”

“இன்னைக்கித்தான் கடைக்கு வந்திச்சாம்.”

கண் இமைக்காமல் சொன்னார். மறுநாள் அவர் குளிக்கப் போன நேரம் அவள் தகட்டைத் திருப்பினாள். பின்பக்கம் நாலு ‘க’, நாலு தேதி, நாலும் சனிக்கிழமைகள். ஒரே தகட்டை ஒருவர் நாலு தரம் மாற்றி வருவாரா? கடைக்கே போகாமல், கொண்டுபோனதையே திருப்பிக் கொண்டுவந்தால்தான் அது முடியும். அப்படியென்றால் சனிக்கிழமைகளில் இவர் போவது எங்கே?

தோய்க்கப் போட்ட சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது. உருண்டை உருண்டையான பொம்பிளை எழுத்து. ‘நாலு பத்து. மறக்க வேண்டாம்.’

நாற்பத்தொரு வருஷத்தில் அவர் ஒரு பொய் சொல்லி அவள் கண்டதில்லை. கெட்டிக்காரப் பொய்யனைத்தான் கட்டியிருக்கிறேன் என்று இப்போது நினைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளுக்குக் கிளி எம்மாத்திரம்! அந்த வாரம் முழுக்க உப்பில்லாமல் கறி வைத்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டது அவளுடைய சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

அடுத்த சனிக்கிழமை கதவோரம் கிளி தொங்கிய ஆணி வெறுமையாக இருந்தது. கலஹாவில் தங்கச்சியைப் பார்க்கப் போவதாக முதல் நாளே சொல்லி வைத்திருந்த தெரேசா, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, கண்டியிலிருந்து அதே ரயிலில் கடைசிப் பெட்டியில் ஏறினாள்.

நாவலப்பிட்டியில் கடை இருந்தது, கடைக்குள் ஒரு பெண்ணும் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஓடி வந்து கபிரியேலின் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, பையை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தெரேசாவின் தேத்தண்ணீர் ஆறிப்போனது. வெகுநேரம் கதைத்திருந்துவிட்டு, கடைக்காரர் உள்ளே போய் ஒரு தகட்டோடு வந்தார். கபிரியேல் துள்ளி எழுந்தார். அது அதே கிளி!

நாலு மணிக்கு அந்தப் பெண் அவரைக் கைபிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். தெரேசா விறுவிறுவென்று கடைக்குள் புகுந்தாள்.

“நான் அவரு சம்சாரம். வயசான மனுசன் கொண்டாந்த தகட்டையே அவருகிட்ட திருப்பிக் குடுத்து ஏமாத்துறீங்களே, வெக்கமாயில்ல? யாரு அந்தப் பொண்ணு?”

ஜமால்தீன் பதறவில்லை. கதிரையை இழுத்துப் போட்டார்.

“இரிங்க தங்கச்சி. அது என்ட மகள் நஸ்லியா. போன மாசம் சேர் வந்து, கிளி மார்க் ஈக்கா செல்லி கேட்டார். மாத்திக் குடுத்தேன். அடுத்த கெழம அதையே பையில கொண்டுவந்து, கிளி மார்க் ஈக்கா செல்லி கேக்குறார். ‘சேர், ஒங்கட பையில ஈக்கிறது அதுதானே’ செல்லிட்டேன். அல்லாஹ்வே, அந்த மொகத்த பாக்க ஏலாது. பொறகு உள்ளுக்குப் போய் அதையே எடுத்துவந்து, ‘சேர், புதுசா வந்தீக்கி’ செல்லிக் குடுத்தேன். அப்பதான் சிரிச்சார். இப்ப ஒவ்வொரு கெழமையும் அப்படித்தான்.”

“அவரு சட்டைப் பையில இருந்த காயிதம்?”

“ரயில் நேரம். ஒரு நாள் எந்தப் பக்கம் போற செல்லி தெரியாம ரோட்டுல நின்டார். அதுக்குப் பொறகு மகள்தான் எழுதிக் குடுத்து ஏத்திவிடுற. வீட்டு போன் நம்பரும் கேட்டேன். மனிசி ஏசும் செல்லி தரல்ல.”

அன்னியன் ஒருவனுக்கு விளங்கியது, நாற்பத்தொரு வருஷம் சோறு போட்டவளுக்கு விளங்கவில்லை. தெரேசாவுக்கு அந்த உப்பில்லாத கறி நினைவுக்கு வந்தது. அவர் பொய்யே சொல்லியிருக்கக் கூடாதா, மாதாவே! கூத்தியாளே வைத்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

ஓடிப்போய் ரயிலைப் பிடித்தாள். அவர் ஜன்னலோரம், மடியில் கிளியோடு இருந்தார்.

“அட தெரேசா! நீ எங்க இங்க?”

“சும்மா, ஒங்கள கூட்டிட்டுப் போக வந்தேன்.”

அவருக்கு அது போதுமாக இருந்தது. தகட்டைத் தூக்கிக் காட்டினார். அவள் முதல் முறையாக அந்தக் கிளியை நிதானமாகப் பார்த்து, அழகாயிருக்கு என்றாள். அவர் பூரித்துப்போய்ப் பின்பக்கத்தையும் திருப்பினார். விரலால் கீறல்களை ஒவ்வொன்றாகத் தடவினார்.

“இத முன்ன வச்சிருந்தவன் ஒழுங்கான மனுசன் போல. பாரு, என்ன மாதிரியே தேதி போட்டு வச்சிருக்கான்.”

“ஆமாங்க,” என்றாள் தெரேசா. “ரொம்ப ஒழுங்கான மனுசன்.”

“அப்புறம் ஏன் இத குடுத்தான்?”