கதவு எந்தப் பக்கம்

பக்கத்து வீட்டு ரெய்யோ தள்ளுவண்டி ஜல்லியைக் குழிக்குள் கவிழ்க்கப்போன நேரத்தில் ஓஸ்மோ, "நிறுத்துங்க!" என்று கத்திவிட்டான். முந்தாநாள் அவன் அப்பா தௌனோ மண்வெட்டியோடு சாய்ந்து இறந்துபோனது அந்தக் குழிக்குள்தான்.

முழங்கால் ஆழம்கூட இல்லை. வீட்டுக்குப் பின்னால் சாமான் கொட்டகை போட அவரே தோண்டியது. சனிக்கிழமை கூட்டு வேலை என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிவைத்திருந்தார். ஆள் போய்விட்டார், சனிக்கிழமை வந்துவிட்டது. வரவேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றாததால் எல்லாரும் வந்தார்கள். பின்லாந்தின் இந்த மூலையில் வருகிறேன் என்று சொன்னவர்கள் இடி விழுந்தாலும் வந்து நிற்பார்கள். அம்மா ஐலாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்கள்.

"அடக்கத்துக்கே இன்னும் ரெண்டு வாரம் இருக்கு," என்றான் ஓஸ்மோ. இந்த ஊரில் ஆள் போய்ச் சில வாரம் கழித்துத்தான் அடக்கம். "அதுக்குள்ள இது தேவையா?"

ரெய்யோ ஐலாவைப் பார்த்தார். அவள் கையில் காபி பிளாஸ்க் இருந்தது.

"கொட்டுங்க ரெய்யோ."

"அம்மா!"

"நீ பஸ் ஏறிப் போயிடுவ. எனக்குச் சமையக்கட்டு ஜன்னல் இங்கதான் திறக்குது. தினமும் பாத்திரம் கழுவிக்கிட்டு இந்தக் குழியைப் பாக்கச் சொல்றியா?"

ஓஸ்மோவுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் பிடிபடவில்லை. ஜல்லி விழும் சத்தம் கேட்டதும் அவனும் போய் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். சும்மா நிற்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஜல்லியை இடித்து இறுக்கினார்கள். அதன்மேல் சிமெண்ட் கட்டைகளை வைத்து, நூல் பிடித்து, ரசமட்டம் பார்த்தார்கள். ஈரம் ஏறாமலிருக்கக் கட்டைக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் தார்த்தாள் விரித்தார்கள். சாவைப் பற்றி யாரும் ஒரு சொல் பேசவில்லை. குழி நிரம்ப நிரம்ப அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதியாக இருப்பது சரியா என்றும் தெரியவில்லை.

"கதவு எந்தப் பக்கம்? அந்தப் பக்கம் இரட்டைச் சட்டம் போடணும்," என்றார் ரெய்யோ.

"ரோட்டுப் பக்கம்தான். விறகு அடுக்கப்போறேன்னு சொன்னானே," என்றாள் எதிர்வீட்டு பிர்க்கோ.

"என்கிட்ட ஏரிப் பக்கம்னான். படகு வைக்கவாம்," என்றார் இன்னொருவர்.

"படகா?" ஐலா நிமிர்ந்தாள். "அதை வித்து எவ்வளவு நாளாச்சு! என்கிட்ட, உன் தறியைக் கொண்டுபோய் வைக்கலாம்னாரு."

"வாயே திறக்கமாட்டான். திறந்தா ஆளுக்கு ஒரு கதை!" என்றாள் பிர்க்கோ.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஓஸ்மோவும்தான். சிரித்த பிறகு எங்கே பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனிடம் அப்பா இந்தக் கொட்டகையைப் பற்றிப் பேசியதே இல்லை.

"போகட்டும், நாலு பக்கமும் இரட்டையா போட்டுடறேன்," என்றார் ரெய்யோ.

சாயங்காலம் கடைசிப் பலகையையும் திருகாணி போட்டு முடுக்கினார்கள். சுவரும் இல்லை, கூரையும் இல்லை. புல்வெளியில் மஞ்சளாக ஒரு தரை மட்டும். ஐலா சுட்ட சாசேஜ் தட்டோடு வந்தாள். விளிம்பில் நின்றாள். தட்டை பிர்க்கோவிடம் கொடுத்துவிட்டு, குனிந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றி வைத்தாள். கம்பளிக் காலுறையோடு தரைமேல் ஏறிப்போய் நடுவில் நின்றாள்.

ரெய்யோ தன் சேற்றுப் பூட்ஸைப் பார்த்தார். அவரும் கழற்றினார். பிர்க்கோவும் கழற்றிவிட்டுத் தட்டோடு ஏறினாள். எல்லா பூட்ஸும் ஏரிப் பக்கம் வரிசையாக நின்றன. அதன் பிறகு கதவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"வாடா, ஆறிடப்போகுது," என்றாள் அம்மா.

ஓஸ்மோ அந்த வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. அவர்கள் சாப்பிடாமல் காத்திருந்தார்கள்.