தார் சுற்றாத மத்தியானம்

மேட்டூர் அணை கட்டி முடித்த மறு வருஷம் அது. குமாரபாளையத்தில் எங்கள் தெருவில் முப்பது தறி இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முப்பதும் ஒன்றாக ஓடத் தொடங்கினால், அந்தச் சத்தத்துக்குள் ஆள் மிதக்கலாம். நான் மிதப்பேன். கை பாட்டுக்கு ராட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும், கண் பாட்டுக்குச் சொருகிக்கொண்டு போகும், காவிரிக் காற்று வாசல்படி தாண்டி வந்து காலைத் தொடும். தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர் குழந்தைவேல் "தார்" என்று கையை நீட்டினால், தூக்கத்திலேயே ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். நூல் சுற்றிய அந்தக் குச்சியை, இழைகளுக்கு நடுவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவுக்குள் போட்டால்தான் தறி ஓடும். நெய்வது ஆண்கள் வேலை, தார் சுற்றுவது பெண்கள் வேலை. ராட்டையில் ஆண்பிள்ளை கை வைக்கிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. வைத்தால் கேலி செய்தே ஊரை விட்டு ஓட்டிவிடுவார்கள்.

அந்த மிதப்பிலும் எந்தச் சத்தம் யாருடைய தறி என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டுச் செல்லாயி வீட்டுத் தறி கொஞ்சம் நொண்டும். எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில் அர்த்தநாரியின் தறி சீராக, அழகாக ஓடும். ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று நின்றுபோகும். நின்றதும் சுவர் வழியாக வருவதைக் கேட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும்.

அப்போது நாங்கள் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உள்ளிருந்து வரும் சத்தம் அமுங்கிப்போகும்படி எல்லாத் தறியும் வேகம் பிடிக்கும். யாரும் யாரிடமும் சொல்லி வைத்துக்கொண்டதில்லை. மிதி வேகமாக விழும், நாடா பறக்கும், என் ராட்டையும் கிறுகிறுவென்று சுற்றும். கொஞ்ச நேரத்தில் அர்த்தநாரியின் தறி மறுபடி ஓடும். நாங்களும் பழைய நடைக்கு வந்துவிடுவோம். நான் என் மிதப்புக்குத் திரும்பிவிடுவேன்.

அர்த்தநாரியைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. சாவு வீட்டுக்கு முதல் ஆளாக ஓடுவான். மாரியம்மன் பண்டிகைக்குப் பந்தல் போடுவது அவன்தான். என்னை அக்கா, அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவன் மனைவி கமலவேணி ராசிபுரத்துப் பெண், இருபது வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம். ஒரு தடவை அடி தாங்காமல் தாய்வீட்டுக்குப் போனாள். மறுநாளே அவள் அப்பா வெற்றிலை பாக்குத் தட்டோடு கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார். பொறுப்பான மனிதர் என்று அவரை நாங்கள் மெச்சிக்கொண்டோம். எங்கள் மெச்சுதலில் தீயைத்தான் வைக்க வேண்டும்.

கன்னத்தில் வீக்கத்தோடு அவள் முதன்முதலில் என்னிடம் வந்தபோது சொன்னது இதுதான்: "இழை அறுந்தா அவிகளுக்குக் கோவம் வந்துருதுங்கக்கா. தாரை நானு நல்லாச் சுத்தோணும்."

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அவளுக்குத் தார் சுற்றக் கற்றுக்கொடுத்தோம். "இன்னுங் கொஞ்சம் இறுக்கிப் புடி சாமி" என்று நான் சொன்னேன். நூலுக்கு எந்தப் பதத்தில் கஞ்சி போட வேண்டும் என்று செல்லாயி காட்டிக்கொடுத்தாள். ஒருத்தி அடி வாங்குகிறாள் என்றால் நெசவுத் தெருவுக்குத் தோன்றிய வைத்தியம் அது! அவளும் விடாமல் கற்றுக்கொண்டாள். ஒரு வருஷத்தில் அவளைப் போலத் தார் சுற்ற எங்கள் தெருவில் ஆளில்லை. அர்த்தநாரியின் தறி மட்டும் நிற்கிற நாளில் நின்றுகொண்டுதான் இருந்தது.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை, துவைக்கப் போன இடத்தில் அவளைப் பார்த்தேன். ஆற்றின் மேல் பனி படர்ந்திருந்தது. பவானிக்குப் போகிற பாலத்தில் பாதிதான் கண்ணுக்குத் தெரிந்தது, மீதி வெள்ளைக்குள் போய்விட்டது. யாரோ ஒருவர் மாட்டை ஓட்டிக்கொண்டு அந்த வெள்ளைக்குள் நடந்து காணாமல் போனார். தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கமலவேணி முழங்கால் ஆழத்தில் நின்றிருந்தாள். துணி எதுவும் கையில் இல்லை.

"நேத்து ஒரு இழைகூட அறுகலீங்கக்கா" என்றாள்.

"நல்லதுதானே சாமி."

"காத்தால இருந்து பொழுது எறங்கற வரைக்கும் பாத்துட்டே இருந்தேனுங்க. ஒண்ணுகூட அறுகலை. அப்பறமும் அடிச்சாங்க." அவள் குரலில் அழுகை இல்லை, ஒரு ஆச்சரியம்தான் இருந்தது. "நூலு மேல தப்பில்லீங்கக்கா. என்ற மேலயும் இல்ல. ரெண்டு வருசமா அது எனக்குத் தெரியாமயே போயிருச்சு."

நான் துணியைக் கல்லின் மேல் வைத்துவிட்டேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அடிச்சு முடிச்சுட்டுப் பக்கத்துல வருவாங்க. வேண்டாமுன்னு கையெடுத்துக் கும்புட்டாலும் உடமாட்டாங்க. அடியாவது தாங்கிக்கலாமுங்க. அதை என்னன்னு வெளிய சொல்றது?"

புருஷன்தானே என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. என் கல்யாணத்தின்போது என் அம்மா எனக்குச் சொன்ன சொல் அது, அதைத்தான் நானும் பத்திரமாக வைத்திருந்தேன். அவள் மணிக்கட்டில் நான்கு விரல் பதிந்த நீலத்தைப் பார்த்த பிறகு அந்தச் சொல் வெளியே வரவில்லை.

"இந்தத் தண்ணி எங்க வரைக்கும் போகுமுங்க?" என்று கேட்டாள்.

"கரூரு, திருச்சி, அப்புடியே கடலுக்குப் போகுமாட்ட இருக்குது."

"அம்புட்டுத் தூரமுங்களா" என்று சொல்லிச் சிரித்தாள். ஊருக்குப் போக வண்டி கிடைத்துவிட்டவள் சிரிக்கிற மாதிரி இருந்தது. அவள் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவந்தேன். இன்னொரு தடவை அந்தத் தறி நின்றால் இவள் இந்த ஆற்றுக்குத்தான் வருவாள் என்று தெரிந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்து குழந்தைவேலிடம் சொன்னேன். "அது அவிய ஊட்டுச் சமாச்சாரம். நாம புகுந்தா நல்லாவா இருக்கும்?" என்று தறியில் பாவு நூலைச் சரிசெய்யப் போய்விட்டார். கெட்ட மனுஷன் இல்லை. அவன் அடிக்கிறான் என்பதைத் தெரிந்து வைத்திருந்தார், காதால் கேட்டதில்லை. தறிச் சத்தம்தான் இருந்ததே!

கிணற்றடியில் செல்லாயியைப் பிடித்தேன். "அடுத்த வாட்டி அவன் தறி நின்னா, நானு ராட்டையை நிறுத்தீருவேன்" என்றேன். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான்காம் நாள் மத்தியானம் அர்த்தநாரியின் தறி நின்றது.

வழக்கம்போல முப்பது தறியில் மீதியெல்லாம் வேகம் எடுத்தன. என் கையும் பழக்கதோஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. அப்புறம் ராட்டையை விட்டேன். விட்ட கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"தார்" என்று குழந்தைவேல் கையை நீட்டினார்.

"சுத்தலீங்க."

"வெளையாடறயா?"

நாடாவில் இருந்த நூல் தீர்ந்து எங்கள் தறி நின்றது. கொஞ்ச நேரத்தில் எதிரே நொண்டுகிற சத்தமும் நின்றது. செல்லாயி! அப்புறம் அவளுக்கு அடுத்த வீடு. அவள் யாரிடம் சொன்னாள், எப்போது சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தார் தீரத் தீர ஒவ்வொரு தறியாக அடங்கிக்கொண்டே போயிற்று. தெருக்கோடிவரை விளக்குகளை யாரோ ஊதி அணைத்துக்கொண்டே போவது போல இருந்தது. வேப்பமரத்தில் காகம் இறக்கையை உதறுவது கேட்டது. ஆறு ஓடுவதுகூடக் கேட்டது. கல்யாணமாகி வந்த இருபது வருஷத்தில் மத்தியானத்தில் ஆற்றை நான் கேட்டதே இல்லை. கனவுக்குள் விழித்துக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அந்த அமைதியில், சுவருக்கு அந்தப் பக்கம், அடி விழுந்தது. அதற்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தி விடுகிற முனகல்.

குழந்தைவேல் நீட்டிய கையை மடக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார். தறிக்குழியிலிருந்து காலை எடுத்து வெளியே வைத்தார்.

நான் தெருவுக்கு வந்தபோது எல்லா வாசலிலும் பெண்கள் நின்றிருந்தார்கள். அர்த்தநாரியின் கதவைத் தட்டினேன். திறந்தான். நெற்றியில் வியர்வை, முகத்தில் அதே சிரிப்பு.

"என்னங்கக்கா, எல்லாத் தறியும் நின்னுருச்சு?"

அவன் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தான், இந்தக் கோடியைப் பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. நான் அவனைத் தாண்டி உள்ளே போய், மூலையில் கிடந்த கமலவேணியைத் தூக்கி நிறுத்தி, என் முந்தானையைப் போர்த்திக் கூட்டிவந்தேன்.

"என்ற பொண்டாட்டியை நீங்க எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று வழியை மறித்தான்.

"வழியை உடு அர்த்தநாரி" என்றார் பின்னால் வந்து நின்ற குழந்தைவேல். அவ்வளவுதான் சொன்னார். அவன் விலகினான்.

அன்றைக்கும் மறுநாளும் தெருவில் எந்தப் பெண்ணும் ராட்டையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பெரியவர் சரவணமுத்து மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினார். ராசிபுரத்திலிருந்து கமலவேணியின் அப்பா மறுபடியும் தட்டோடு வந்து நின்றார். சேர்ந்து வாழ்வதுதான் அழகு என்று பெரியவர் தொடங்கினார். கமலவேணி எழுந்து நின்றாள்.

"இழை அறுந்துதுன்னு அடிச்சாங்க. சரின்னு இருந்தேனுங்க. ஒரு இழைகூட அறுகாத அன்னிக்கும் அடிச்சாங்க. எதுக்குன்னு அவிகளையே கேளுங்க சாமி."

கூடியிருந்தவர்கள் எல்லாம் நெசவாளிகள். ஒரு இழைகூட அறுகாத நாள் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெரியவர் அர்த்தநாரியைத் திரும்பிப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். அவளைத் திரும்ப அனுப்புவதில்லை என்று முடிவாயிற்று. இப்படியே போனால் பெண்களை அடக்க முடியாது என்று நாலு பேர் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். போகட்டும். அவள் அப்பா தட்டைத் துண்டால் மூடிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்து அவளுக்குச் சோறு போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டு நாளாக ஒன்றும் இறங்காதவள் அன்றைக்கு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்கிற பெருமையும் உள்ளுக்குள் எட்டிப் பார்த்தது. தெருவில் தறிகள் ஒன்றிரண்டாக ஓடத் தொடங்கியிருந்தன. அவள் அதைக் கேட்டுக்கொண்டே பிசைந்தாள். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, அன்னிக்கு மட்டுந்தான் உங்களுக்குக் கேட்டுச்சுங்களா? இல்லை, முன்னாலயும் கேக்குமுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு அதற்குத் தயாராகத்தான் இருந்தது.

"கேக்கும் சாமி" என்றேன். "எல்லா நாளும் கேக்கும்."

சோற்றில் அவள் கை நின்றது. "நானு, யாருக்குமே கேக்காதுன்னு நெனச்சுட்டிருந்தேனுங்க. அதனாலதான் யாரும் வரலைன்னு" என்றாள். நான் குழம்புச் சட்டியோடு அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.