ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ

பார்சல் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் தராசக்கா. இருபத்திரண்டு வருஷமாக அதே கவுண்டர், அதே எடை மேடை. பொட்டலத்தைக் கையில் வாங்கும்போதே "ஒண்ணே முக்கால்" என்பாள்; மேடையில் வைத்துப் பார்த்தால் பத்து இருபது கிராம்தான் முன்னே பின்னே இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, உட்கார்ந்தால் ஆடுகிற நாற்காலியைக்கூட மாற்றித் தராத அலுவலகத்தில் வேறு எதை நினைத்துப் பெருமைப்படுவது?

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். துணிக்கடை, ஆஸ்பத்திரி, அடுக்குமாடி என்று முப்பது வருஷம் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு ஏறி இறங்கியவர். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தபோது ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"முப்பது வருஷமா மேல போயிட்டே இருக்கேன். மேல இருந்து ஒரு தடவகூட எதையும் பாத்ததில்ல. நாலு பக்கமும் சுவருதான். மலைக்குப் போலாமா?"

"திடீர்னு என்ன மலை?"

"ஆறு நாள் நடக்கணும். கடைசில ஒரு ஏரி இருக்காம். கூடாரம், சாப்பாடு, துணி எல்லாத்தையும் நாமளே முதுகுல தூக்கிட்டுப் போகணும்."

இது யார் வேலை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவருடைய தங்கை நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். வருஷத்துக்கு ஒரு மலையாவது ஏறி இறங்காவிட்டால் அவளுக்கு உடம்பு தாங்காது. அண்ணன் தலையில் மலையைத் தூக்கி வைத்தவள் நாத்தனார்தான்.

அவரைத் தடுத்தது ஒரு முழங்கால். எப்போதோ லிஃப்ட் குழிக்குள் விழுந்ததில் பட்ட அடி. "முதுகுல ஒன்பது கிலோவுக்கு மேல இருந்தா அந்த முட்டி ரெண்டாவது நாளே மக்கர் பண்ணும். ஒன்பதுக்குக் கொண்டு வாங்க, அப்புறம் தேதி சொல்றேன்" என்று தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள். அவர் முதல் தடவை கட்டிய பை பதினான்கு கிலோ இருந்தது.

அன்று தொடங்கியது ஞாயிற்றுக்கிழமைக் கூத்து. வீட்டில் இருந்தது ஆள் ஏறி நிற்கிற சின்ன எடை மெஷின். பையை அதன்மேல் வைத்தால் எண் மறைந்துவிடும். அதனால் பையை மாட்டிக்கொண்டு அவர் ஏறி நிற்பார். வந்த எண்ணிலிருந்து தன் எடையைக் கழிப்பார். மிச்சம் பையின் எடை.

தன் எடை எவ்வளவு என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அறுபத்தெட்டு. அவர் பழுது பார்த்த லிஃப்டுகளில் 'எட்டு பேர், 544 கிலோ' என்று தகடு அடித்திருக்கும். "வகுத்துப் பாருங்க. ஆளுக்கு அறுபத்தெட்டு வரும். இந்தக் கணக்கப் போட்டவன் என்ன நிக்க வச்சுப் பாத்துட்டுத்தான் போட்டிருக்கான்" என்று சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் எல்லாம் சொல்லிச் சொல்லி, அந்த நகைச்சுவை நைந்தே போயிருந்தது. வேலையிடத்தில் வருஷா வருஷம் எடை பார்ப்பார்கள். அங்கேயும் அறுபத்தெட்டுதான் வரும். அதனால் அவர் வெறும் ஆளாக அந்த மெஷினில் ஏறியதே இல்லை.

"நம்ம ஆபீஸ் மேடைல ஒரு தடவ போட்டுப் பாத்துரட்டுமா?" என்று அவள் கேட்டாள்.

"வேணாம் தாயே. உன் மேடைல வச்சா நீ ரசீது போட்டு எங்கேயாவது அனுப்பிருவ. இது என் கணக்கு, நானே பாத்துக்கறேன்."

பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை உடைத்துப் போட்டார். துண்டைப் பாதியாக வெட்டினார். சட்டைக் காலரில் கம்பெனி பெயர் தைத்திருந்த துணித்துண்டைக்கூட பிளேடால் பிரித்தெடுத்தார். எவர்சில்வர் தட்டு போய் பிளாஸ்டிக் மூடி வந்தது. கனமான டார்ச், இரண்டாவது பேன்ட், எல்லாம் வெளியே போயின. கழித்த சாமானையெல்லாம் கட்டில் பக்கத்தில் ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் போட்டுவைத்தார். பிரிட்ஜ் கதவில் ஒட்டிய காகிதத்தில் ஞாயிறுதோறும் ஓர் எண் ஏறியது. 14. 13.3. 12.4. 11.6. எண் குறையக் குறைய மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. தங்கைக்குப் போன் போட்டுப் பெருமையடிப்பார்.

பயிற்சி என்று தினமும் பையோடு ஆறு கிலோமீட்டர் நடந்தார். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டபோது, "பாத்தியா, தொப்பை ஓடியே போச்சு" என்றார். அவளும் சிரித்தாள். முதுகு வலிக்கிறது என்றார். பை தூக்கினால் வலிக்காதா என்றாள். தட்டில் பாதிச் சாப்பாட்டை மிச்சம் வைத்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் நாத்தனார் வந்தவள், சமையலறையில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அண்ணி, அண்ணன் முகம் என்ன இப்படி ஒட்டிப் போச்சு?"

"தினம் நடக்கிறாருடி. கல்யாணத்தப்ப இருந்த மாதிரி ஆயிட்டாரு உங்க அண்ணன். கண்ணு வைக்காத."

இந்தப் பதிலை அவள் பிற்பாடு எத்தனை நூறு தடவை நினைத்து நினைத்து வெந்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

பதினேழாவது ஞாயிறு. மெஷின் 77.1 காட்டியது. "ஒன்பது புள்ளி ஒண்ணு!" என்று கத்தினார். இன்னும் நூறு கிராம்தான் பாக்கி. சந்தோஷத்தில் பையைக் கழற்றும்போது இடுப்புப் பட்டையின் தையல் விட்டுப்போனது. அவளுடைய அலுவலகத்துக்கு எதிரேதான் பை தைப்பவரின் கடை. மறுநாள் காலை அவர் பையை ஆட்டோவில் ஏற்றிவிட, அவள் அதோடு கிளம்பினாள்.

தைத்து முடித்துக் கடைப் பையன் பையைக் கவுண்டரில் கொண்டுவந்து வைத்தபோது, பக்கத்துக் கவுண்டர்காரர் கேலி செய்தார். "என்னக்கா, வீட்டுக்காரரோட சண்டையா? பெட்டி படுக்கையோட வந்துட்டீங்க?"

"போய்யா. ஒன்பது கிலோ பை. நாலு மாசமா எங்க வீட்ல இதுக்குத்தான் பூஜை."

சொல்லிக்கொண்டே தூக்கி மேடையில் வைத்தாள். தூக்கும்போதே கை ஏதோ சொன்னது. மேடை 12.6 காட்டியது.

இறக்கிவிட்டு மறுபடி வைத்தாள். 12.6. மனுஷர் ரகசியமாக எதையோ திணித்திருக்கிறார் என்று நினைத்து, ஜிப்பைத் திறந்து கையை விட்டுத் துழாவினாள். பாதித் துண்டு, மொட்டை பிரஷ் என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்த சாமான்கள்தான் இருந்தன. வீட்டு மெஷின் பழுதாகியிருக்கும், நாலு மாசமாக அது அவர் காதில் பூச்சுற்றியிருக்கிறது என்று முடிவு கட்டினாள். சாயந்திரம் போய் அவரை வகையாகக் கிண்டல் செய்யலாம் என்று அவளுக்கு உள்ளூரக் குஷிகூட.

வீட்டுக்கு வந்ததும், பிரிக்காத ஐந்து கிலோ மாவுப் பையை எடுத்து மெஷினில் வைத்துப் பார்த்தாள். ஐந்து என்று துல்லியமாகக் காட்டியது. மெஷின்மேல் குற்றமில்லை.

அப்போதுதான் கட்டில் பக்கத்தில் இருந்த செருப்புப் பெட்டி கண்ணில் பட்டது. குனிந்து அதைத் தூக்கினாள். பதினான்கு ஒன்பதாகியிருந்தால், கழித்தது ஐந்து கிலோ இந்தப் பெட்டியில் இருக்க வேண்டும். கை சொன்னது: ஒன்றரைகூட இல்லை.

மீதி மூன்றரைக் கிலோ எங்கே போனது?

கூடத்துக்கு ஓடினாள். அவர் சோபாவில் ஒருக்களித்துப் படுத்து, மலைப் பாதையின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எழுந்து வாங்க. மெஷின்ல ஏறுங்க."

"பை எங்க?"

"பை வேணாம். நீங்க மட்டும் ஏறுங்க."

ஏறினார். அறுபத்து நான்கு புள்ளி ஐந்து. அவர் எண்ணையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அடடே, குறைஞ்சது நான்தானா?" என்று சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார்.

ஒரு வாரம் ரத்தம், ஸ்கேன் என்று அலைந்தார்கள். டாக்டர் படங்களை வைத்துக்கொண்டு, "எப்பலேர்ந்து எடை குறையுது?" என்று கேட்டார். யாருக்கும் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாது என்று பழகிப்போன குரல் அது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்து மேஜைமேல் வைத்தார். பிரிட்ஜ் கதவுக் காகிதம்.

"வாரா வாரம் எழுதியிருக்கேன் டாக்டர். பை எடைனு நினைச்சு எழுதினது. பைலேர்ந்து நான் எடுத்தது மொத்தமே ஒண்ணரைக் கிலோகூட இல்ல. மீதி நான்."

டாக்டர் அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். கணையத்தில் கட்டி, வேறு இடங்களுக்கும் பரவிவிட்டது, வருஷக் கணக்கில் பேச முடியாது என்று பிறகு மெதுவாகச் சொன்னார்.

வெளியே வராந்தாவில் அவள் இடிந்துபோய் உட்கார்ந்தாள். ஊரார் பொட்டலத்தில் ஐம்பது கிராம் கூடினால் கண்டுபிடிக்கிற கை, கட்டின புருஷன் மூன்றரைக் கிலோ கரைந்ததைக் கண்டுபிடிக்கவில்லை. தன் கையின்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. உள்ளங்கையை நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தாள். அவர் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"லிஃப்ட் மெதுவா இறங்குனா உள்ள நிக்கிறவனுக்குத் தெரியாது. எனக்கே தெரியல, உனக்கு எப்படித் தெரியும்?"

கீழே இறங்கும்போது லிஃப்டில் அந்தத் தகடு இருந்தது. எட்டு பேர், 544 கிலோ. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனிமே என்கூட வந்தா கொஞ்சம் கூடுதலா சாமான் ஏத்திக்கலாம்" என்றார். அவளுக்கு வந்த கோபத்தில் அவரை அடித்திருப்பாள். அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

அவர் மலைக்குப் போகவில்லை. ஆனால் பையை விடவும் இல்லை. படுக்கையில் சாய்ந்துகொண்டு, பையை மடியில் வைத்து, ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்தார். இந்தத் தடவை அவர் எடுத்தது தன்னுடையதை. ரேசர், காலுறை, முட்டிக்குப் போடும் பட்டை. பிறகு இடுப்புப் பட்டையை அவள் அளவுக்கு இழுத்துச் சுருக்கினார்.

"தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன். நீ அவகூட போயிட்டு வா."

"நீங்க இல்லாம நான் எந்த மலைக்கும் போக மாட்டேன்."

"அப்ப நாலு மாசமா நான் பிரஷ்ஷ உடைச்சது எதுக்கு? ஏரி எப்படி இருக்குனு யாராவது ஒருத்தர் பாத்துட்டு வந்து சொல்ல வேணாமா?"

யாரிடம் வந்து சொல்வது என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தவர், திறந்து அவளைப் பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்க. பைய எடை பாக்கும்போது முதல்ல நீ தனியா ஏறு. அப்புறம் பையோட ஏறு. ஒவ்வொரு தடவையும். என்ன மாதிரி பழைய கணக்க மனசுல வச்சுக்கிட்டு ஏறாத."

"சரி."

"சரினு வாயால சொல்லாத. செய்."

மழை தொடங்குவதற்கு முன்பே அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த எடை நாற்பத்தேழு. அதை அவள் எங்கும் எழுதிவைக்கவில்லை.

நாத்தனார் தினமும் போன் செய்தாள். "சாப்டீங்களா அண்ணி?" என்பாள். "ஆச்சு" என்பாள் இவள். காலையில் காபி, அலுவலகத்தில் யாராவது நீட்டினால் இரண்டு பிஸ்கட். ஒருத்திக்கு என்று அடுப்பைப் பற்றவைக்கவே அலுப்பாக இருந்தது. போனில் அந்தப் பக்கம் இருப்பவளுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது?

மழை விட்டதும் நாத்தனார் தேதி குறித்துவிட்டாள். அடுத்த மாதம் முதல் வாரம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பையைக் கட்டினாள். கூடாரத்தில் பாதியை நாத்தனார் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. மீதியெல்லாம் அவர் வைத்தது வைத்தபடி. மாட்டிக்கொண்டு மெஷினில் ஏறினாள். 67.5. அவள் எடை அறுபத்தொன்று. அலுவலக மேடையில் எப்போதோ விளையாட்டாக ஏறிப் பார்த்தது. கழித்தால் ஆறரை.

ஆறரைதானா? பேனாவை எடுத்துப் புதுக் காகிதத்தில் எழுதப் போனாள். தோளில் பட்டை அழுந்தியது. இருபத்திரண்டு வருஷம் பொட்டலம் தூக்கிய உடம்பு. இது ஆறரை இல்லை, ஒன்பதுக்குக் குறையாது என்று தோள் சொன்னது.

பேனா கையிலேயே நின்றது. இறங்கினாள். பையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தாள். தனியாக ஏறினாள்.

ஐம்பத்தெட்டு.

மெஷினைவிட்டு இறங்கத் தோன்றவில்லை. "செய்" என்று அவர் சொன்ன குரல் அப்படியே காதில் இருந்தது. தனக்கு நேர்ந்தது இவளுக்கு நேரக் கூடாது என்று, படுத்த படுக்கையில் கிடந்துகொண்டு, இந்த ஒரு காலைப்பொழுதுக்காக யோசித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவர் போன நாளில்கூட அப்படி அழவில்லை.

போன் அடித்தது. நாத்தனார்தான்.

"சாப்டீங்களா அண்ணி?"

"இல்லடி."

சுவரில் சாய்ந்திருந்த பையைப் பார்த்தபடி அவளே தொடர்ந்தாள்.

"நேத்தும் சாப்பிடல. முந்தாநாளும் இல்ல. இவ்வளவு நாளா உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். மூணு கிலோ போயிருக்கு."

"இதோ கிளம்பி வரேன் அண்ணி. மலைய அப்புறம் பாத்துக்கலாம், தேதிய விட்டுருவோமா?"

"விட வேணாம். ஒரு மாசம் தள்ளி வை. நான் சாப்பிட்டுட்டு வரேன்."

போனை வைத்துவிட்டு, காகிதத்தில் நடுவே ஒரு கோடு இழுத்தாள். இடப்பக்கம் 'நான் 58' என்றும், வலப்பக்கம் 'பை 9.5' என்றும் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். கதவைத் திறந்து முட்டையை எடுத்தாள். அடுப்பைப் பற்றவைத்து, கல்லில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்றாவதையும் உடைத்தாள்.