சிம்மாசனத்தின் வலப்பக்கம்

விருதுக் குழுவிலிருந்து சரிபார்க்க ஆள் வருகிறார் என்று தம்பி போனில் சொன்னபோது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். "நல்லதுடா" என்று சொல்லி வைத்துவிட்டு மறுபடி கை கழுவினேன். 

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கே ஆகாது. இந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். என் தம்பி இங்கேயே இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். 'ஸ்பேனர்' என்றுதான் எல்லாரும் அவனைக் கூப்பிடுவார்கள். கைக்குழந்தைக்கு நெஞ்சுப் படம் எடுக்கும்போது அசையாமல் பிடித்து வைக்கிற நாற்காலி ஒன்று எங்களிடம் உண்டு. இரண்டு கைகளையும் மேலே தூக்கி நிறுத்த மெத்தைப் பட்டை, முதுகுப்புறம் படத்தகடு செருக ஒரு பிளவு, அவ்வளவுதான். ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு ஊரைக் கூட்டி அழுவார்கள் என்பதால் அதற்கு 'சிம்மாசனம்' என்று பேர். இன்றைக்கு நாற்பது ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவன் என்று தம்பிக்கு வருகிற சனிக்கிழமை விருது.

கண்டுபிடித்தது அவன் இல்லை. நான்.

சொல்லிக்கொள்வதற்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். பதினேழு வருடத்துக்கு முன்னால் ஒரு குழந்தையை என் மேஜையிலிருந்து கீழே விழவிட்டேன். அதற்கப்புறம்தான் அந்த நாற்காலியை வரைந்தேன். எப்படித் தோன்றியது என்று யாராவது கேட்டால் விழுந்ததைச் சொல்லியாக வேண்டுமே. அதனால் படத்தைத் தம்பி கையில் கொடுத்து, "நீயே யோசிச்சதா இருக்கட்டும், என் பேர் எங்கேயும் வரக் கூடாது" என்றேன். விழுந்த விஷயம் அவனுக்கும் தெரியாது. விண்ணப்பத்தில் 'இது முழுக்க என் சொந்த எண்ணம்' என்ற வரிக்குக் கீழே அவனைக் கையெழுத்துப் போட வைத்ததும் நான்தான். எனக்கு ஓய்வுபெற இரண்டு மாதம். குழந்தை விழுந்தது வெளியே வந்தால் விசாரணை என் தலைக்கு. நாற்காலி அவனுடையது இல்லை என்று மட்டும் வெளியே வந்தால் அவன் ஊரறிந்த பொய்யன். இந்த இரண்டுக்கும் நடுவில் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெண் என் அறைக் கதவைத் தட்டினாள்.

முப்பது வயதுக்கு மேல் இருக்காது. தோள்பை, சீவிய பென்சில் இரண்டு. டீ வேண்டாம் என்றாள். டீ வேண்டாம் என்கிறவர்களிடம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் பயம் உண்டு.

"மேடம், நாற்காலியை எப்படிப் பயன்படுத்துறீங்கன்னு ஒரு மணி நேரம் பார்க்கலாமா?"

"தாராளமா பாரும்மா. அந்தக் கவசத்தை மாட்டிக்கிட்டு தடுப்புக்குப் பின்னால நில்லு."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. முதல் குழந்தைக்குப் பட்டையை இரண்டு தடவை மாட்டிக் கழற்றினேன். இரண்டாவது குழந்தைக்குக் கதிர் அளவை மாற்றவே மறந்துபோய்ப் படம் வெள்ளையாக வந்தது. அந்தப் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள். அப்படி என்னதான் எழுதுகிறாள் என்று எட்டிப் பார்க்கப் போய், தடுப்பில் முட்டிக்கொண்டேன்.

திரையில் ஒரு படம் வந்ததும் அவள் விரலை நீட்டினாள். "இது குழந்தையோட இடது பக்கமா?"

"இல்லம்மா, வலது." கற்றுக்கொடுக்கிற வாய் சும்மா இருக்குமா? "குழந்தை நம்மளைப் பார்த்து நிக்குதுன்னு வச்சுக்கணும். அதோட வலது நமக்கு இடப்பக்கம் வரும். நாங்க எதை வரைஞ்சாலும் இப்படித்தான் வரைவோம். பழகிப்போச்சு. வீட்ல யார் கைக்காவது கட்டுப் போட்டாக்கூட எனக்குக் குழம்பும்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். தவளை தன் வாயால் கெட்டது எனக்கு மூன்று மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

மதியம் தம்பியின் பட்டறைக்குப் போனோம். கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் கூப்பிடவில்லை, நானாகத்தான் ஒட்டிக்கொண்டு போனேன். அவன் விருதுக்காக முடி வெட்டியிருந்தான். காதோரம் ரொம்ப ஏற்றி வெட்டியதில், பள்ளிக்கூடத்துக்கு நான் கையைப் பிடித்துக் கூட்டிப் போன பையன் மாதிரியே இருந்தான். பழைய நோட்டை அவனே எடுத்துத் துடைத்துக் கொடுத்தான்.

அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பம்பு, சக்கர நாற்காலி, கட்டில் சக்கரம் என்று எல்லாம் அவன் கைப்பட வரைந்தவை. கடைசியில் சிம்மாசனம். நான் கொடுத்த தாளைப் பார்த்து அவன் கோடு பிசகாமல் காப்பியடித்தது. அடுத்த பக்கத்தில் சிவப்புப் பேனாவில் ஒரு குறிப்பு: 'பிளவு தப்பான பக்கம் வெட்டிவிட்டேன். மாற்ற வேண்டும்.'

"சார், ஒரு சந்தேகம்" என்றாள். "உங்க மத்த படம் எல்லாத்துலயும் காகிதத்தோட இடப்பக்கம்தான் 'இடது'. இந்த ஒண்ணுல மட்டும் இடப்பக்கத்துல 'வலது'ன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் செய்யும்போது பிளவைத் தப்பான பக்கம் வெட்டியிருக்கீங்க. தான் வரைஞ்சதைத் தானே தப்பாப் படிப்பாங்களா?"

நான் நோட்டை மூடக் கை நீட்டினேன். 

"காலையில மேடம் சொன்னாங்க" என்று என் பக்கம் திரும்பினாள். "எக்ஸ்ரே எடுக்கிறவங்க இப்படித்தான் வரைவாங்கன்னு."

தம்பி பயப்படுவான் என்று நினைத்தேன். அவனோ முகமெல்லாம் மலர்ந்து நின்றான்.

"அப்பாடா" என்றான். "அக்கா, சொல்லிடலாமா? கண்டுபிடிச்சுட்டாங்களே. மேடம், இது அக்காவோடதுதான். பதினேழு வருஷமா கெஞ்சறேன், பேரைப் போட ஒத்துக்கவே மாட்டேங்கிறா. அப்போ நான் தினக்கூலி. வேலை எப்போ வேணா போயிடும். தம்பி நிலைச்சு நிக்கட்டும்னு தன்னோடதைத் தூக்கி எனக்குக் குடுத்துட்டா. இந்த நாற்காலியாலதான் என்னை நிரந்தரம் பண்ணாங்க. பொண்ணு குடுத்தாங்க. என் பிள்ளைங்ககிட்ட இதைச் சொல்லித்தான் வளர்த்தேன்." மூக்கை உறிஞ்சினான். "பொய்க் கையெழுத்துப் போட்டது என் தப்பு. அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க. ஆனா அக்கா பேரைப் போட்டுடுங்க."

அந்தப் பெண்ணின் முகமும் இளகிவிட்டது. பென்சிலை எடுத்தாள். "திருத்தி எழுதிக் குடுத்தா, ரெண்டு பேர் பேரையும் சேர்த்துப் பரிசீலிப்பாங்க. ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. எண்ணம் தோணின சந்தர்ப்பம்."

"குழந்தைங்க மேல இருக்கிற பாசம், வேற என்ன?" என்றான் தம்பி.

அவள் எழுத ஆரம்பித்தாள். அவ்வளவுதான், முடிந்தது. நான் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும். இரண்டு நாற்காலி போட்டு எங்கள் இரண்டு பேரையும் மேடையில் உட்கார வைத்திருப்பார்கள். பென்சில் 'பாசம்' என்று எழுதி முடித்ததையும் பார்த்தேன். அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"அதை அடிச்சுடும்மா" என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. கோர்வையாகச் சொல்லியிருக்க மாட்டேன். பதினாலு மாதப் பையன், இருமல். அம்மா வயிற்றில் அடுத்த குழந்தை இருந்ததால் அவளை உள்ளே நிற்க விடவில்லை. உதவிக்கு இருக்கிறவள் அன்றைக்கு லீவு. பையனை மேஜையில் உட்கார வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு தகட்டை எடுக்கத் திரும்பினேன். கை விட்டது ஒரு நொடி. தரையில் விழுந்தான். தூக்கினேன், அழுதான், சமாதானம் செய்து படமும் எடுத்தேன். படத்திலேயே தெரிந்தது. கழுத்துக்குக் கீழே இருக்கிற காறை எலும்பு இரண்டாகியிருந்தது.

"டாக்டர் படத்தைப் பார்த்துட்டு அந்த அம்மாகிட்ட, 'குழந்தையை என்ன பண்ணீங்க'ன்னு கேட்டார். அந்த அம்மா ஒண்ணும் புரியாம முழிச்சாங்க. டாக்டர் என்னைப் பார்த்தார். நான், 'வரும்போதே அழுதுட்டுத்தான் சார் இருந்தான்'னு சொன்னேன்."

பொய் இல்லை. எக்ஸ்ரே அறைக்கு அழாமல் வருகிற குழந்தை எது? அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் தூங்கியிருக்கிறேன், தூங்கிய நாட்களில்.

தம்பி எண்ணெய் துடைக்கிற பஞ்சுக்கழிவை எடுத்துக் கையைத் துடைத்தான். கையில் எண்ணெய் ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் துடைத்தான்.

"அப்போ நீ விட்டுக் குடுக்கலை" என்றான்.

"இல்லடா."

"ஒளிச்சு வைக்க ஒரு இடம் வேணும்னு என்கிட்ட குடுத்தே."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவன் நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

அந்தப் பெண் 'பாசம்' என்பதை ஒரே கோடாக அடித்தாள். "விருதை நிறுத்தி வைக்கச் சொல்லி இன்னைக்கே எழுதணும். உங்க நிர்வாகத்துக்கும் எழுதணும். எனக்கு வேற வழி கிடையாது மேடம்."

"எழுதும்மா. அதுக்குத்தானே வந்தே."

"அந்த அம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"அவங்க இதை என் காகிதத்தைப் படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பையனின் அட்டை எண் எனக்கு மனப்பாடம். என் சொந்த போன் நம்பரைக் கேட்டால்கூட நான் யோசிப்பேன். பதிவு அறைக்கு ஏறிப் போய் எண்ணைச் சொன்னேன். போன வருடம் கண் பரிசோதனைக்கு வந்திருக்கிறான், நம்பரைப் புதுப்பித்திருக்கிறார்கள். என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஏழு எண்ணை அழுத்திவிட்டு வைத்தேன். இரண்டாவது தடவை ஒன்பது. மூன்றாவது தடவை முழுசாக அழுத்தினேன். மணி அடிக்கும்போது, அந்த அம்மா எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எடுத்தாள்.

யார், எங்கிருந்து என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை கோர்வையாக வந்தது. அவளுக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது.

"நீங்க வெளியிலதான் இருந்தீங்கம்மா" என்றேன். "நான்தான் கையை விட்டேன். உங்ககிட்ட அன்னைக்கு எந்தத் தப்பும் இல்லை."

"சட்டையைக் கழட்டும்போது இழுத்தேன்" என்றாள் மெதுவாக. "கை மாட்டிக்கிச்சு, கொஞ்சம் இழுத்தேன். அதுலதான் உடைஞ்சுதுன்னு நினைச்சேன்."

"இல்லம்மா. அது இல்லை."

"அவனுக்கு ஒண்ணும் இல்லைங்க. நல்லா இருக்கான். பந்தெல்லாம் வீசறான்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்புறம் பொண்ணு பொறந்துச்சு. அதை நான் குளிப்பாட்டினதே இல்லை. தூக்கவும் பயம். எல்லாம் அவங்கப்பாதான். இவ கைக்கு நிதானம் போதாதுன்னு வீட்ல சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்குவேன்."

 போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளும் வைக்கவில்லை.

"அவளுக்கு இப்போ பதினாறு முடிஞ்சுடுச்சுங்க" என்றாள்.