ஆற்றுப் பாதையில் நார்மன்

எங்கள் ஊருக்குக் கோடைதோறும் ஒரு பைத்தியம் பிடிக்கும். வீட்டுக்கு வீடு வைக்கோல் பொம்மை செய்து நிறுத்துவோம். வெளியூர்க்காரர்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் தேடிப் பார்ப்பார்கள். இந்த வருடம் ‘நம் ஊரில் வாழ்ந்த பெரிய மனிதர்கள்’ என்று அறிவித்ததும், எப்போதோ இங்கே தங்கிய ஒரு கடற்படைத் தளபதியை எல்லோரும் செய்ய, தெருவெல்லாம் அட்மிரல்கள் முளைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு எனிட் மட்டும் பனிக்காலத்தில் இறந்துபோன தன் கணவர் நார்மனைச் செய்தாள். என்னையும் கூப்பிட்டு வைக்கோல் திணிக்க வைத்தாள்.

நார்மன் சண்டைக்காரர். விவசாயி கிளைவின் வயல் வழியாக ஆற்றுக்குப் போகும் ஊர்ப் பாதையில் தினமும் நடப்பார், மண்டும் முள்ளை வெட்டுவார். அந்தப் பாதையை மூட கிளைவ் தலைகீழாக நின்று பார்த்தான். ஒருமுறை அவர் கையிலிருந்த, பிடியில் நீலத் துணி சுற்றிய அரிவாளையே பிடுங்கிக்கொண்டு போனான். மறுநாள் அவர் வேறொன்றோடு வந்து நின்றார். இப்போது அவர் இல்லை. முள் இடுப்புக்கு மேல் வளர்ந்துவிட்டது. யாருமே நடக்காத பாதை என்று சொல்லி அதை மூட ஊராட்சியிடம் கிளைவ் கேட்டிருந்தான்.

எனிட் பொம்மையை வாசலில் நிறுத்தவில்லை. ஆற்றோரம் பாதை முடியும் இடத்தில், வேலியைத் தாண்டும் மரப்படியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். வரைபடத்திலும் அந்த இடத்தையும், அங்கே போக ஊர்ப் பாதையை மட்டுமே குறிக்கச் செய்தாள். அவரைப் பார்க்க வேண்டுமென்றால் பாதை முழுக்க நடந்தாக வேண்டும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிளைவுக்கும் உறைத்திருக்க வேண்டும், டிராக்டரிலேயே வந்து இறங்கினான்.

“இது பெரிய மனுஷங்களுக்கான விழா எனிட். நார்மன் இதுல எங்க வர்றார்?”

“அட்மிரல் இங்க ரெண்டு கோடைதான் இருந்தார். அதுலயும் பாதி நாள் வயித்தால போச்சாம். என் வீட்டுக்காரர் ஆயுசு பூரா இருந்தார்.”

“ஆயுசு பூரா என் உயிரை எடுத்தார்.”

“பாத்தியா, ஒனக்கே மறக்கல.”

“இந்த முள்ளுக்குள்ள எவன் வருவான்?”

“நான் வெட்டுவேன்.”

“எதால? கத்தரிக்கோலாலயா?”

அவள் கையில் இருந்தது ரோஜாச் செடி நறுக்கும் கத்தரிதான். கிளைவ் சிரித்துவிட்டுப் போனான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழாவுக்கு முந்தைய நாள் மாலைவரை இருவரும் நறுக்கினோம். பாதிகூடத் திறக்கவில்லை. அவள் விரல்கள் கொப்பளித்துவிட்டன. “விட்டுடலாம் எனிட்” என்றேன். அவள் அடுத்த கிளையைப் பிடித்து நறுக்கினாள்.

விழாக் காலையில் எனிட்டின் பொம்மைக்கு மழைத்தொப்பி போட வரைபடத்தில் இல்லாத ஆற்றோர மண்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். நார்மனின் வைக்கோல் கையில் ஓர் அரிவாள் செருகியிருந்தது. பிடியில் அவர் சுற்றிய பழைய நீலத் துணி. அலகில் எண்ணெய் பளபளத்தது.

எனிட் அதை உருவி, கட்டைவிரலால் பதம் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை.

“அந்த மனுஷன் ஒருநாளும் இவ்ளோ கூரா வச்சதில்ல” என்றாள்.

மேட்டு வயலில் கிளைவின் டிராக்டர் இன்ஜின் அணைந்து நின்றிருந்தது. பாதையின் அந்தக் கோடியில், முள்ளுக்கு அப்பால், குழந்தைகளின் சத்தம் கேட்கத் தொடங்கியது. எனிட் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் புதரில் அரிவாளை இறக்கினாள்.