உதட்டுக்குப் பொருந்திய பெயர்

தெலுங்குப் படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுப்பது ஏதோ சுண்டல் தின்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். திரையில் அந்த ஆந்திராக்காரி வாயைத் திறக்கும்போது தியாகராய நகர் டப்பிங் தியேட்டரில் காமாக்ஷியும் திறக்க வேண்டும். அவள் உதட்டை மூடினால் இவளும் மூட வேண்டும். நீளமான வசனத்தில் கொஞ்சம் முன்னே பின்னே போனால் எவனுக்கும் தெரியாது. மானத்தை வாங்குவது குட்டி வார்த்தைகள்தான். வா, போ, ஐயோ, ஏண்டா. இதில் ஒரு இழை பிசகினால் தரை டிக்கெட்காரன் விசிலடித்தே கொன்றுவிடுவான்.

அந்தக் குட்டி வார்த்தைகளைப் பொறுக்கிப் போடுகிறவர் வசனகர்த்தா துரைராஜ். சாத்தூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய சொந்தக்காரர்கள் எல்லாம் ரங்கநாதன் தெருவில் துணி கிழித்துப் பிழைத்துக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் இந்தப் பைத்தியம். "தெலுங்குல 'ரா'ன்னா வா. கன்னடத்துல 'பா'. நம்ம 'வா'வுக்குக் கன்னடத்து 'பா' கூடப் பிறந்தது மாதிரி, உதட்டுல அப்படியே உக்காரும். தெலுங்கு 'ரா' இருக்கே, அது சக்களத்தி!" என்று காப்பி ஆறுகிற வரை பேசுவார்.

அன்றைக்கு வந்த காட்சியில் பாம்பு கடித்துச் செத்த பிள்ளையைத் தாய் மடியில் போட்டுக்கொண்டு கூப்பிடுகிறாள். துண்டுப் படத்தின் இரண்டு நுனியையும் ஒட்டி வளையமாக்கி விட்டிருந்தார்கள். லூப் என்பார்கள். சரியாக வருகிற வரைக்கும் அது சுற்றிக்கொண்டே இருக்கும், அவளும் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். முதலில் தெலுங்குச் சத்தத்தோடு ஓட்டிக் காட்டினார்கள்.

"நான்னா!" என்றாள் திரையில் இருந்தவள்.

காமாக்ஷி சட்டென்று திரும்பினாள். "யாரைக் கூப்பிடறா அவ?" என்று கேட்டாள்.

"பிள்ளையைத்தாம்மா. நான்னான்னா அப்பா. நாம பெத்த பிள்ளையையே 'என்னப்பா'ன்னு கொஞ்சறோமில்ல, அந்த மாதிரி. ஆனா இங்க 'அப்பா'ன்னு போட்டா நமக்கு உதடு ஒட்டும், அவளுக்கு ஒட்டலை. அதனால 'ராசா'ன்னு எழுதியிருக்கேன். பிரமாதமா நிக்கும்."

அவர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அவள் பிள்ளை பெயர் நாராயணன். வீட்டில் நாணா. போன ஆனியில், எஸ்.எஸ்.எல்.சி. தவறிப்போனதற்கு அப்பா பெல்ட்டை உருவி விளாசிய மறுநாள், போட்டிருந்த சட்டையோடு போனவன்தான். தேடாத இடமில்லை, வேண்டாத தெய்வமில்லை. "அவனைத் தலைமுழுகியாச்சு" என்று அப்பாக்காரர் துண்டை உதறிவிட்டார். பெற்றவளால் உதற முடியுமா?

அந்தப் பிள்ளை ஒரு சினிமாப் பைத்தியம். அதிலும் அம்மா குரல் கொடுத்த படமென்றால் சோறு தண்ணி வேண்டாம். ஒருதரம் மயிலாப்பூர் கொட்டகையில் ஒரு ராட்சசி குகையைத் திறந்துகொண்டு வந்து கர்ஜித்தபோது, "எங்கம்மா! எங்கம்மா!" என்று பெஞ்சில் ஏறி நின்று கத்தியிருக்கிறான். வேலூரோ, பெங்களூரோ, எந்த ஓட்டலில் இலை எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாலும் அவன் படம் பார்க்காமல் இருக்க மாட்டான். அவள் போய்ச் சேர முடியாத ஊருக்கெல்லாம் இந்தப் படப்பெட்டி போய்ச் சேருமே!

விளக்கு அணைந்தது. லூப் சுற்றியது. காமாக்ஷி மைக்கை நெருங்கி, "நாணா!" என்றாள்.

உதடு அச்சாகப் பொருந்தியது. ஆனாலும் துரைராஜ் ஒலிப்பதிவு நடக்கும் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து ஓடிவந்தார்.

"என்னம்மா இது? ராசான்னுல்ல எழுதியிருக்கேன்!"

"இதுவும் பொருந்தறதே சார். இருக்கட்டுமே."

"பொருந்தினாப் போதுமா? ராயப்பேட்டையில உருது பேசறவங்களுக்கு நானான்னா அம்மாவோட அப்பா. தமிழ் பேசற முஸ்லிம்கள்ல சில ஊர்ல அண்ணன். மராட்டிக்காரன் வீட்டுல பெரியவர். செத்த பிள்ளையைப் பாத்துத் தாத்தாங்கிறாளேன்னு கொட்டகையே சிரிக்கும். படம் படுத்துரும்மா!"

"எங்காத்துல அதுக்கு ஒரே அர்த்தம்தான் சார்."

அவள் சொன்ன விதத்தில் துரைராஜ் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அவள் கதை தெரியும். ஆனால் பையனின் வீட்டுப் பெயர் தெரியாது. இப்போது புரிந்தது. "ஐயையோ" என்று மெதுவாகச் சொன்னார். "இது செத்தவனைக் கூப்பிடற இடமாச்சேம்மா. வேண்டாம். அபசகுனம்."

"தெரியும் சார். நேக்கு வேற வழி தெரியலே. பேப்பர்ல போட்டா அவன் படிக்கப் போறதில்லே. அம்மா கூப்பிடறான்னு அவனுக்குத் தெரிஞ்சாப் போதும், வந்துடுவான். ஒரே ஒரு வார்த்தை, பிச்சையாக் கேக்கறேன்." கையைக் கூப்பிவிட்டாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாளில் 'ராசா'வை அடித்துவிட்டு, "பேசுங்க. பட முதலாளி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார்.

லூப் மறுபடி சுற்றியது. "நாணா!"

"இல்லைம்மா" என்று ஸ்பீக்கரில் துரைராஜ் குரல் வந்தது. "சாப்பிடக் கூப்பிடற மாதிரி இருக்கு. பிணத்து மேல விழுந்து கதறுறா அவ."

மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் அது தெருமுனையில் பந்தடிக்கிறவனைக் கூப்பிடுகிற குரலாகத்தான் வந்தது. அவள் வேண்டுமென்றேதான் செய்தாள். ஊர் உலகமெல்லாம் "அழுதுடுடீ, பாரம் குறையும்" என்று புத்தி சொன்னபோதுகூட அவள் ஒரு சொட்டு விடவில்லை. அழுதால் அவன் இல்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள். இங்கே வந்தா அழுவாள்?

மேலே ப்ரொஜெக்டர் ஓட்டுகிற தங்கவேல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "சார், லூப்பு சூடு ஏறிக்கினு கீது. இன்னும் ஓட்டுனா அறுந்துடும். அப்பால என்னாண்ட கேக்காதீங்க."

துரைராஜ் மறுபடி வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. "அம்மா, இதை இப்படியே விட்டா முதலாளி நாளைக்கு வேற ஆளைக் கூப்பிட்டு ராசான்னு பேச வச்சிருவார். அழுகை இருந்தா வார்த்தையைப் பாக்க மாட்டார். அழுகை இல்லைன்னா நான் காப்பாத்த முடியாது. ராசான்னே சொல்லிட்டுப் போயிருங்களேன்?"

காமாக்ஷி மறுபடி மைக் முன்னால் போய் நின்றாள். கபாலி, கற்பகாம்பா, இது பொய், இது பொய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இது சினிமா. அவன் எங்கேயோ நன்னா இருக்கான். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை, உதடு தப்பிவிடும். மடியில் கிடக்கிற அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேதான் கூப்பிட்டாக வேண்டும்.

பார்த்தாள். நடித்த அந்தப் பையன் ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்துக் கிடந்தான்.

"நாணா!"

அந்தக் குரலைக் கேட்டுத் தங்கவேல் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டான். அடிவயிற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. திரையில் அவள் வாயை மூடிய பிறகும் இவளுக்கு நிற்கவில்லை. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மார்பில் அடித்துக்கொண்டாள். "என்னைப் பெத்த ராஜா, இப்படிப் போட்டுட்டுப் போயிட்டியேடா" என்று எழுதிக் கொடுக்காததையெல்லாம் சொல்லி அழுதாள். லூப் பட்டென்று அறுந்து திரை வெள்ளையாகிவிட்டது. அவள் அழுகை மட்டும் ஓயவில்லை.

ஸ்பீக்கரில் யாரோ, "ஓகே, பதிவாயிடுச்சு" என்றார்கள்.

அந்தச் சத்தத்தில்தான் அவளுக்குச் சுயநினைவு வந்தது. திடுக்கிட்டுக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கை நனைந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழிச்சுடுங்கோ சார்! நான் அழுதுட்டேன். இருக்கற பிள்ளைக்கு அழுதுட்டேன்!"

துரைராஜ் அவள் பக்கத்தில் குந்தினார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "சரிம்மா, அழிக்கச் சொல்லிடறேன். அழிச்சுடட்டுமா?"

அவர் எழுந்திருப்பதற்குள் அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம், வேண்டாம். அழிச்சா அவனுக்கு எப்படிக் கேக்கும்?" என்றாள். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "பெத்தவளே அழுதுட்டேனே, பெத்தவளே அழுதுட்டேனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.