ஆறு சனிக்கிழமைகள்

காலைக் கொழுந்து லொறி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் விஜயகலா முந்தைய நாள் கொழுந்தை நீளத் தட்டிலிருந்து வாரி, பலகைத் துவாரத்தின் வழியாகக் கீழே தள்ளிக்கொண்டிருந்தாள். அங்கே அப்படி எட்டுத் தட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் பெரிய விசிறி ஒன்று காற்றை ஊதும். கம்பி வலைமேல் பரப்பிய பச்சைக் கொழுந்து பன்னிரண்டு, பதினான்கு மணி நேரத்தில் துவண்டு போகும். துவண்டது கீழ்த்தளத்தில் அரைக்கும் ரோதைக்குப் போகும். பத்தொன்பது வருடங்களாக அவள் செய்துவந்த வேலை இது.

மூன்று வாரங்களுக்கு முன்பு கொழும்பிலிருந்து வந்த சிலர் ஒவ்வொரு தட்டின் தலைமாட்டிலும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார்கள். அது எதற்கென்று யாரும் சொல்லவில்லை. அவளோடு மேல்மாடியில் வேலை செய்யும் தங்கம்மா நனைந்த தலைத்துணியை அதன்மேல் காயப்போட்டு தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கரிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

அன்று டீமேக்கரே படியேறி வந்தார். அவர் சிங்களவர், பேசத் தொடங்குவது தமிழில், முடிப்பது சிங்களத்தில்.

"சனிக்கிழம எல்லாரும் பழைய இஸ்கோலுக்கு வாங்க. ஆறு சனிக்கிழம. ட்ரெய்னிங். இனி ஃபேன் போடுறது, நிப்பாட்டுறது எல்லாம் கம்பியூட்டர். அத நீங்க படிக்கணும். ஹரித?"

"எங்களுக்கு எதுக்குங்க சார் படிப்பு?" என்றாள் தங்கம்மா.

"படிச்சாதான் வேல" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

பழைய இஸ்கோல் என்பது தோட்டத்துப் பள்ளிக்கூடம் பெரிய ரோட்டுக்கு இடம் மாறுவதற்கு முன்பு இருந்த தகரக் கூரைக் கட்டிடம். இப்போது அங்கே ஊசி போடும் கிளினிக்கும் மரண உதவிச் சங்கக் கூட்டமும் நடக்கும். முதல் சனிக்கிழமை விஜயகலா உள்ளே நுழைந்தபோது உட்காரும் மர வாங்குகளைத் தேடிப் பிடித்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். அவள் யோசிக்கவேயில்லை. கால்கள் தாமாகவே இடது பக்கம், மூன்றாவது வாங்குக்குப் போயின. உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் தங்கம்மாவும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஒனக்கும் ஞாபகம் இருக்கா, புள்ள?" என்றாள் தங்கம்மா.

"எடத்த மறந்திருவனா? இந்தத் தூணுலதானே நீ மூக்குச்சளிய துடைப்ப."

தடுப்புச் சுவரில்லாத அந்த ஒற்றை மண்டபத்தில் அவர்கள் படித்த காலத்தில் பதினொரு வகுப்புகளும் ஒன்றாக நடக்கும். முதலாம் வகுப்பு அனா ஆவன்னா கத்திக்கொண்டிருக்கும்போது பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடக்கும். மழை பெய்தால் தகரச் சத்தத்தில் ஒருவர் குரலும் கேட்காது. அப்போது கனகாம்பிகை டீச்சர் வாயால் பேசுவதை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் மட்டும் எழுதிக்கொண்டே போவார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டீச்சர். குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். மழைநாள் கணக்குகள்தான் விஜயகலாவுக்கு நன்றாகப் புரிந்தன. யாரும் பேசாமல், எண்கள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

பயிற்சி கொடுக்க வந்தவன் பெயர் கீர்த்திகன். முப்பது வயது இருக்கும். அவனும் யாழ்ப்பாணத்துக்காரன், இயந்திரத்தை விற்ற கம்பனியில் பொறியியலாளன்.

"எல்லாரும் வந்திட்டீங்களோ? பயப்பிடாதேங்கோ. இதில ஒண்டும் பெரிய வித்தை இல்லை" என்று தொடங்கினான். டீச்சரின் பேச்சு மாதிரியே இருந்தது.

ஆளுக்கொரு தொடுதிரைப் பலகை போன்ற டெப் கொடுத்தான். தங்கம்மாவின் விரல் பட்டால் திரை அசையவில்லை; கொழுந்து வாரி வாரித் தோல் காய்த்துப் போன விரல். சுண்டுவிரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னான். அது வேலை செய்தது. அன்று முழுவதும் அவள் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்து மண்டபமே சிரித்தது.

இரண்டாவது சனிக்கிழமை அவன் சுவரில் வெளிச்சத்தால் ஒரு படம் காட்டினான். கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு, நடுவில் சரிந்து இறங்கும் பச்சைக் கோடு ஒன்று.

"இது என்னெண்டு ஆருக்காவது தெரியுமோ?"

மேல்மாடியில் வேலை செய்யும் ஒன்பது பேரும் படத்தை உற்றுப் பார்த்தார்கள். விஜயகலா எழுந்து நின்றாள். எழுந்து நின்றுதான் பதில் சொல்ல வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

"வரைபுங்க சார். கீழ இருக்கிறது நேரம். பக்கத்துல இருக்கிறது ஈரம். நேரம் போகப் போக ஈரம் எறங்குது. இந்த எடத்துல சரிவு கொறையுது பாருங்க, இங்கதான் விசிறிய மெதுவாக்கணும்."

கீர்த்திகன் கையிலிருந்த பேனாவை அவளிடம் நீட்டினான். "வாங்கோ அக்கா. வந்து மற்றாக்களுக்கும் சொல்லுங்கோ."

அவள் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வெளிச்சம் அவள் முகத்திலும் சேலையிலும் விழுந்தது. பத்தாம் வகுப்பில் வரைபுத்தாள் ஒன்றை வாங்கி, நான்காகக் கிழித்து, நாலு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். கால் தாளுக்குள் முழுக் கணக்கையும் அடக்க வேண்டும். அதனால் அவள் சின்னச் சின்னப் புள்ளிகளாக, கூர் சீவிய பென்சிலால் குறிப்பாள். டீச்சர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "எறும்பு கூட இதில வழி தவறாது" என்பார். இப்போது சுவர் முழுவதும் ஒரே வரைபு.

அன்றிலிருந்து கிழமை நாட்களிலும் மேல்மாடியில் பேச்சு மாறிப்போனது. கொழுந்து பரப்பும்போது ஒருவர் கேட்பார், இன்னொருவர் சொல்வார். சிவப்பு எரிந்தால் என்ன, மஞ்சள் எரிந்தால் என்ன. ஈரத்தை அளக்கும் வெள்ளைப் பெட்டியான சென்சருக்கும் டெப்புக்கும் நடுவில் தொடர்பு அறுந்தால் என்ன. செல்லையா அண்ணனுக்குத் தமிழ் எழுத்தே தடுமாறும். அவருக்காக விஜயகலா திரையிலிருந்த படங்களுக்குப் பெயர் வைத்தாள். பல்லுச்சக்கரம், மணி, பூட்டு, மழைத்துளி. மத்தியானம் ரொட்டி சாப்பிடும் நேரத்தில் அவள் தூசி படிந்த சிமெந்துத் தரையில் விரலால் படம் போட்டுக் காட்டுவாள். சாப்பாட்டு மணி அடித்து முடிந்தும் யாரும் எழும்ப மாட்டார்கள். இத்தனை வருடத்தில் மேல்மாடியில் அவள் அவ்வளவு பேசியதும் இல்லை, அவ்வளவு சிரித்ததும் இல்லை.

ஆறாவது சனிக்கிழமை பரீட்சை. ஐம்பது கேள்விகள். டெப்பில் சிங்களமும் ஆங்கிலமும்தான் இருந்தன. எல்லாருக்கும் சிங்களம் பேச வரும், வாசிக்கத்தான் வராது. கீர்த்திகன் கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் இரண்டு தரம் வாசித்தான். விஜயகலாவுக்கு நாற்பத்தேழு.

"உங்கட பேரைத்தான் முதலாவதாப் போட்டு அனுப்பியிருக்கிறன்" என்றான், பெட்டியைக் கட்டிக்கொண்டே. "விசிறியளைக் கம்பியூட்டரில பாக்கிற ஒப்பரேட்டர் வேலை உங்களுக்குத்தான் பொருந்தும்."

அன்று அவள் வீடு இருந்த லயத்துக்கு நேர்வழியாகப் போகவில்லை. பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், இப்போது புதர் மண்டிக் கிடக்கும் விளையாட்டு மேட்டைச் சுற்றிக்கொண்டு போனாள்.

பத்து நாள் கழித்து கீர்த்திகன் மறுபடி வந்தான். மேல்மாடிக்கு ஏறி வந்து, விசிறிச் சத்தத்துக்கு ஒதுங்கி, ஜன்னலோரமாக நின்றான். கையில் தபால் உறை எதுவும் இல்லை. போனில் வந்த கடிதத்தைத்தான் திறந்து வைத்திருந்தான்.

"அக்கா, நீங்கள் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீங்கள்?"

"பதினொண்ணு முடிச்சேங்க."

"ஓ-எல் சேர்ட்டிபிகேட் இருக்கோ?"

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். கொழுந்துச் சாறு கறுப்பாக ஒட்டியிருந்தது, துடைத்தாலும் போகாது.

"பரீட்ச எழுதலீங்க. பொறப்புச் சான்றிதழ்ல பேரு தப்பா இருந்திச்சு. விஜேகல்யாணின்னு எழுதி வச்சிருந்தாங்க. அதனால ஐடென்டி காட் வரல, அது இல்லாம பரீட்ச எழுத விடமாட்டாங்க. டீச்சர் தெரணியகலை ஆபீஸுக்கு ரெண்டு தரம் கூட்டிட்டுப் போனாங்க. இன்னொரு கடுதாசி கொண்டு வா, அந்தக் கடுதாசிய கொண்டு வான்னு சொல்லிச் சொல்லி, காட் வந்து சேரங்காட்டி பரீட்ச முடிஞ்சு போச்சு."

பஸ் நிலையக் கடையில் டீச்சர் வாங்கிக்கொடுத்த பனிஸும் பிளேன்டீயும் அவளுக்கு நினைவு வந்தன. டீச்சர் தன் பனிஸைச் சாப்பிடவில்லை. அதையும் தாளில் சுற்றி அவளிடமே கொடுத்துவிட்டார்.

"ஓ-எல் ஆறு பாடம் பாஸ் எண்டு மேலிடத்தில விதி வைச்சிருக்கினம்" என்றான் கீர்த்திகன். "நான் கதைச்சனான் அக்கா. மூண்டு தரம் கதைச்சனான். நான் பயிற்சி குடுக்கிற ஆள் மட்டும்தான் எண்டு சொல்லுகினம்."

"இப்ப எழுதலாமாங்க சார், அந்தப் பரீட்ச?"

"எழுதலாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியா எழுதலாம். ஆனா ஆக்களை வாற கிழமையே எடுக்கினம்."

அவள் தலையாட்டினாள். கீழே ரோதை ஒன்று ஓடத் தொடங்கியது. தரை லேசாக அதிர்ந்தது. அவன் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் படியிறங்கினான்.

ஒப்பரேட்டராக வந்தவன் பவாஸ். தெரணியகலை டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை பார்த்தவன்; ஏழு பாடம் பாஸ். பயிற்சி முடிந்த பிறகு எடுத்த ஆள் என்பதால் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. டீமேக்கர் விஜயகலாவைக் கூப்பிட்டார்.

"மூணு நாள் கூட இருந்து எல்லாம் காட்டிக் குடு. அதுக்குப் பொறகு நீ மலைக்கு."

"மலைக்கா?"

"மேல இனி நாலு ஆள் போதும். ஆம்பளையா இருந்தா நைட்டுக்கும் போடலாம். மலையில கொழுந்து முத்துது, பறிக்க ஆள் இல்ல. நான் என்ன செய்ய?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் அதைச் சொல்லி முடித்துவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

அந்த மூன்று நாளும் பவாஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்; அவள் பக்கத்தில் நின்று காட்டினாள். உட்காரச் சொல்லி அவன் முதல் நாளே எழுந்தான். அவள் உட்காரவில்லை. நல்ல பையன், எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டான். மழைநாள் கொழுந்துக்கு விசிறி எவ்வளவு, வெயில்நாள் கொழுந்துக்கு எவ்வளவு என்று அவள் சொல்லச் சொல்ல அவன் எண்களைத் திரையில் அடித்தான். ஒவ்வொரு முறையும் மூலையில் அவன் பெயர் வந்தது.

"ஒங்கட நம்பர தாங்க அக்கா" என்றான் கடைசி நாள். "ஏதும் வெளங்காட்டி கேக்கலாம்."

கொடுத்தாள்.

அவள் மலையில் கால் வைத்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. காலையிலிருந்து தூறல். நனையாமலிருக்கப் பொலித்தீன் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெற்றியில் மாட்டிய கயிற்றில் முதுகுப் பை தொங்க, பெண்கள் ஆளுக்கொரு நிரையில் மேட்டைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தார்கள். தங்கம்மா பக்கத்து நிரையில். அவள் கை வேகம். சின்ன வயதிலும் கொழுந்து பறித்தவள். விஜயகலாவுக்கு இன்னும் விரல் பழகவில்லை.

ரவிக்கைக்குள் போன் அதிர்ந்தது. அவள் பொலித்தீன் பையோடு அதைக் காதில் வைத்தாள்.

"அக்கா, பவாஸ். மூணாம் தட்டுல கோடு நேரா கெடக்கு. ரெண்டு மணித்தியாலமா அசையுதில்ல. கொழும்புக்கு எடுத்தா யாரும் தூக்குறாங்க இல்ல."

"விசிறி ஓடுதா?"

"ஓடுது. திரையில மட்டும்தான் நிக்குது."

விஜயகலா கண்ணை மூடினாள். சுவர் முழுவதும் விழுந்த அந்த வெளிச்சம் வந்தது. நாலாவது சனிக்கிழமைப் பாடம். இடது கையில் பேனாவை வைத்துக்கொண்டு கீர்த்திகன் நின்ற விதம்கூடத் தெரிந்தது.

"கொழுந்துல ஒண்ணுமில்ல தம்பி. சென்சரு பேசல. மேல சோத்துக்கை பக்கம் பல்லுச்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும். அத அமுக்குங்க."

"அமுக்கினேன்."

"எட்டு பேரு வரிசையா வரும். மூணாவது பேர்ல வெரல வச்சு அப்படியே புடிச்சிட்டு இருங்க. எடுத்திறாதீங்க. ஒரு சின்ன வட்டம் சுத்தும். சுத்தி முடிஞ்சதும் ரெண்டு பொத்தான் வரும். பச்சைய அமுக்குங்க."

மழை கொஞ்சம் வலுத்தது. அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். அவனுக்குப் பின்னால் எட்டு விசிறிகளும் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவர் தட்டில் கொழுந்து உதறும் சத்தமும் கேட்டது. செல்லையா அண்ணனாக இருக்கும். அவர்தான் அப்படி இரண்டு தரம் உதறுவார்.

"வந்திட்டு அக்கா. கோடு எறங்குது."

"எத்தனையில நிக்குது?"

"அறுவத்தி நாலு."

"அப்போ இன்னும் மூணு மணித்தியாலம். அம்பத்தி ஆறு வந்ததும் மெதுவாக்குங்க."

அவன் நன்றி சொல்லி வைத்த பிறகும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"விஜயகலா" என்று கீழிருந்து கங்காணியின் குரல் வந்தது. "போன் கதைக்கவா மலைக்கு வந்த?"

அவள் போனைப் பையில் சுற்றி உள்ளே வைத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது தங்கம்மாவும் மற்றவர்களும் மேட்டின் உச்சியில், மழைக்குள் மங்கலாகத் தெரிந்தார்கள். இரண்டு பக்கமும் செடிகள் மொட்டையாகப் பறிபட்டிருந்தன. நடுவில் அவளுடைய நிரை மட்டும், தலைக் கொழுந்து ஒன்றும் குலையாமல், உச்சிவரை ஒரே பச்சைக் கோடாக ஏறிப் போனது.